சாதுவாக நடித்த ஆறு

அந்த நோட்டுப் புத்தகத்தில் கொழுந்தனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம், அதில் குறை சொல்ல எதுவுமே இல்லை என்பதுதான்.

ஒரு நாள்கூட விடாமல் காலை எட்டு மணிக்கு ஒரு வரி. தேதி, நீர்மட்டம், கையெழுத்து. இப்படிப் பதினெட்டு வருஷம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரு டீக் கறைகூட இல்லை. சொந்தக் கல்யாண நாளைக்கூட ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காக நினைவு வைத்திருக்க மாட்டான் என்பது கொழுந்தனின் அபிப்பிராயம். அதை வாய்விட்டே சொன்னான். எதிரே நின்ற அளவுக்காரர் சிரிக்கவில்லை. ஆற்றின் மட்டத்தைத் தினமும் பார்த்து எழுதுவதற்காக அரசாங்கம் அந்தக் கரையோர ஓட்டு வீட்டில் குடிவைத்திருக்கும் ஆள் அவர். ஐம்பத்தாறு வயது, சட்டைப் பையில் மூன்று பேனா.

அண்ணி பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி என்றால் கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கணக்குகளைப் பிடித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். கூடவே ஒட்டிக்கொண்ட புருஷனின் தம்பி வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், கட்சிக்காரர்களும் போலீஸ்காரர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அந்தக் கணக்கில் அவனும் ஊருக்கே கொழுந்தன் ஆகிவிட்டான். கார் ஓட்டுவது, பூட்டைத் திறப்பது, வாயைத் திறப்பது, மூன்றும் அவன் பொறுப்பு. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

வழக்கு இதுதான். நகரத்து ஓரத்தில் ஒரு சின்ன ஆறு. கரையில் நூற்றிருபது வீடுகள் கட்டி, ஜனங்கள் குடியேறியும் ஆகிவிட்டது. கட்டுவதற்கு முன்னால், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று ஆற்றுத் துறை சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த ஆற்றை யாரும் ஒரு நாளும் அளந்ததில்லை. மட்டம் காட்டும் அளவுப் பலகை இல்லை, நோட்டு இல்லை, சுத்த ஊமைச் சாட்சி. அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளக் கணக்குப் போடுகிறவர்கள் செய்வதும் துப்பறிகிறவர்கள் செய்வதும் ஒன்றுதான். ஆள் வாய் திறக்கவில்லை என்றால் பங்காளிகளைக் கேட்பார்கள். அதே மழை, அதே சரிவு, அதே மண் உள்ள பக்கத்து ஆறுகள் இத்தனை வருஷம் எப்படி ஆடின என்று பார்த்து, ஊமை ஆறு எப்படி ஆடும் என்று மதிப்புப் போடுவார்கள்.

துறையில் அந்தக் கணக்கைப் போட்டவள் முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் ஒருத்தி. ஆபீசில் அவளுக்குக் கணக்குக்காரி என்றே பெயர். ஏழு பங்காளிகளை விசாரித்திருந்தாள். மற்றதெல்லாம் முரடு, ஏழாவது, அதாவது இந்த அளவுக்காரரின் ஆறு, மட்டும் பரம சாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது ஐந்து மீட்டரைத் தாண்டவில்லை. குணத்தில் ஊமை ஆற்றுக்கு மிக நெருங்கிய பங்காளி இதுதான் என்று அதன் பேச்சுக்கே அதிகம் காது கொடுத்திருந்தாள். அதனால் வெள்ளம் வீட்டுப் படிக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிடும் என்று கணக்கு வந்தது. அனுமதியும் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெய்த ஒரு சாதாரண மழைக்கே தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டது. மறு வாரம் ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. கணக்குக்காரிக்கு அதே குடியிருப்பில், ஆற்றைப் பார்த்த முதல் வரிசையில் ஒரு வீடு இருக்கிறதாம். கட்டியவர்கள் கொடுத்த லஞ்சமாம். அதற்காகவே சாதுவான ஆற்றைத் தேடிப் பிடித்துக் கணக்கில் சேர்த்தாளாம். நாளைக் காலை பதினோரு மணிக்கு விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். பொறியாளர் என்று கையெழுத்துப் போடும் உரிமையும் போகும். அவளுக்கு இருப்பது அந்தக் கையெழுத்தும் நடக்க முடியாத ஓர் அம்மாவும்தான்.

அண்ணியை அமர்த்தியவர் அந்தத் துறையின் தலைமைப் பொறியாளர். அவருடைய சட்டை மடிப்பில் கை வைத்தால் ரத்தம் வரும். ஆகவே கொழுந்தன் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தான். வீட்டுப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று இஸ்திரி சொல்லியிருந்தார். ஏழாவது ஆறு வரைக்கும் அலைய வேண்டாம், ரோடு சரியில்லை என்றார். கை குலுக்கும்போது மறுபடியும் அதையே சொன்னார்.

படி இறங்கும்போதே அண்ணி சொல்லிவிட்டாள்: “வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்ன இடத்துக்கு ஒரு தடவையாவது போகணும் தம்பி.”

பத்திரத்தையும் அவள் பார்க்காமல் விடவில்லை. வீடு பாங்க் கடனில் வாங்கியது. தரைத்தளம். அம்மாவின் கட்டில் ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம். பொய்க் கணக்கு என்று தெரிந்த ஒருத்தி பெற்ற தாயை அந்த ஜன்னலடியில் படுக்க வைப்பாளா என்று அண்ணி கேட்டாள். வைப்பாள், மாமியாராக இருந்தால் வைப்பாள் என்றான் கொழுந்தன். அண்ணி பத்திரத்தை மூடினாள். அவளும் ஒரு மாமியாருக்கு மருமகள். அந்த மாமியார் இவனைப் பெற்றவள்.

ஆகக் கணக்குக்காரி பொய் சொல்லவில்லை என்றால் ஆறு பொய் சொல்ல வேண்டும். ஆறு சொல்லாது. மிச்சம் இருப்பது அளவுக்காரர்.

“வெள்ளத்தன்னிக்கு மழை கொட்டும். நோட்டு மட்டும் எப்படிங்க நனையாம இருக்கு?” என்று கொழுந்தன் ஆரம்பித்தான். வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்தபடியே எழுதினால்தான் நோட்டு இப்படி இருக்கும் என்பது அவன் கட்சி.

அளவுக்காரர் உள்ளே போய் ஒரு வளைந்த கம்பியைக் கொண்டுவந்தார். அதில் நூற்றுக்கணக்கான துண்டுச் சீட்டுகள் குத்தியிருந்தன. நனைந்து, சுருங்கி, சேறு படிந்து, பென்சிலில் எழுதியவை. மழையில் பேனா எழுதாது, பென்சில்தான் எழுதும், சீட்டில் எழுதிக்கொண்டுவந்து நோட்டில் ஏற்றுவேன் என்றார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளச் சீட்டை அண்ணி உருவி நோட்டோடு ஒப்பிட்டாள். புள்ளி பிசகவில்லை. மனுஷனுக்கு மடியில் கனமில்லை என்று கொழுந்தனுக்கே தோன்றிவிட்டது. அது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அண்ணி விடவில்லை. வெள்ள மாதங்களை விட்டுவிட்டுக் கோடை மாதங்களுக்குப் புரட்டினாள். அங்கே எண்ணே இல்லை. நாள் தவறாமல் ‘பலகைக்குக் கீழே’ என்று எழுதியிருந்தது.

“கோடையில ஆறு வத்திடுமா?” என்று கேட்டாள்.

பதில் வாசலிலிருந்து வந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அளவுக்காரரின் மனைவி, தான் வாக்கப்பட்டு வந்த இந்த முப்பது வருஷத்தில் ஆறு ஒரு நாள்கூட வற்றியதில்லை என்றும், எந்தக் கோடையிலும் இடுப்பளவு தண்ணீரில்தான் துவைப்பதாகவும் சொன்னாள்.

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். புருஷன் தண்ணீர் இல்லை என்று எழுதுகிறார், பெண்டாட்டி இடுப்பளவு என்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆள் கையும் களவுமாக அகப்பட்டார் என்று அவன் நினைத்தான்.

“தண்ணி இல்லன்னு நான் எங்க சார் எழுதினேன்?” என்றார் அளவுக்காரர். குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உயர்ந்தது. “பலகைக்குக் கீழேன்னுதான எழுதியிருக்கேன். வந்து பாருங்க.”

ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள் இருபத்திரண்டு. பழைய பாலம் ஒன்று. அதன் நடுத்தூணில் வெள்ளைப் பலகை, கறுப்புக் கோடுகள், எண்கள். கொழுந்தன் மேலேயிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தான். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். பூஜ்யத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் வெறும் கல். தண்ணீரில் அளவுக்காரரின் மனைவியுடைய துவைகல் பாதி முங்கிக் கிடந்தது.

பலகை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிப் படியில் நின்று தூணைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு கொழுந்தனிடம், பலகையை மாட்டியிருக்கும் போல்ட்டுகளை எண்ணச் சொன்னாள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்றான். அவற்றுக்கு நேர் கீழே கல்லில் என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

துளைகள். மேல் போல்ட்டுகளுக்கு ஒரு மீட்டர் கீழே இரண்டு துளைகள், பலகையின் ஓரத்தை ஒட்டி. கீழ் போல்ட்டுகளுக்கு ஒரு மீட்டர் கீழே, தெளிந்த தண்ணீருக்கடியில், மங்கலாக இன்னும் இரண்டு. அதே இடைவெளி, துருப்பிடித்த வாய்.

“பலகை முன்னாடி ஒரு மீட்டர் கீழ இருந்திருக்கு,” என்றாள் அண்ணி.

ஆமாம், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தூணைப் பழுது பார்க்க வந்தவர்கள் கழற்றி மாட்டினார்கள், அதிலிருந்து ஆறு ஒரு மீட்டர் குட்டையாகிவிட்டது என்றார் அளவுக்காரர், நெடுநாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரைப் போல. அவர் வேலை பலகையில் தெரிவதை எழுதுவது. எழுதினார். அத்தோடு வருஷா வருஷம் மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

கொழுந்தனுக்கு அப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. ஆறு மீட்டர் வெள்ளம் வந்தால் பலகை ஐந்து என்று காட்டும். சாதுவான ஆறு சாதுவே இல்லை. அதுவும் மற்றப் பங்காளிகளைப் போல முரடுதான். அங்கே மறைந்த ஒரு மீட்டர், குறுகலான ஊமை ஆற்றில் இன்னும் உயரமாக ஏறும். வெள்ளக் கணக்குப் போடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷத்திலும் மிகப் பெரிய எண் ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கோடைப் பக்கத்தை எவனும் திருப்ப மாட்டான். திருப்பியிருந்தால், வற்றாத ஆற்றில் பலகை ஏன் காய்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும்.

“பழுது பாக்கறதுக்கு முன்னாடி இருந்த நோட்டெல்லாம்?” என்று அண்ணி கேட்டாள்.

ஆபீசில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் இரண்டாம் படி தன்னிடம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்றார். அதை அனுப்பி வைக்கும்படி இரண்டு மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஆள் வந்ததாம். ரசீது கேட்டிருக்கிறார். ஆள் ரசீது கொண்டுவரவில்லை. ரசீது இல்லாமல் நோட்டு கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது.

கொழுந்தன் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறைதான்.

இரும்புப் பெட்டியில் நோட்டுகளோடு இரண்டு காகிதங்களும் இருந்தன. ஒன்று, பழுது வேலை முடிந்ததற்கான சான்று. ‘அளவுப் பலகை பழைய இடத்திலேயே பொருத்தப்பட்டது’ என்று டைப் அடித்து, அந்நாளைய உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றது, நோட்டுகளைக் கேட்டு ஆள் கொண்டுவந்த கடிதம். இரண்டிலும் ஒரே கையெழுத்து, கடைசியில் வாலைச் சுருட்டிய கையெழுத்து. கொழுந்தன் தன் பையிலிருந்து மூன்றாவது காகிதத்தை எடுத்தான். அது அண்ணியை இந்த வழக்குக்கு அமர்த்திய உத்தரவு.

அதே வால்.

“கிணறு வெட்டச் சொன்னதே பூதம்தான் அண்ணி,” என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. கணக்குக்காரியின் அறிக்கையில் கடைசிப் பக்கத்தை எடுத்து அளவுக்காரரிடம் காட்டி, இந்தப் பெண் இங்கே எப்போது வந்தாள் என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஆபீசிலிருந்து பலகையைப் பார்க்க ஒரு ஈ காக்கை வந்ததில்லை என்றார். அறிக்கையில் ஏழு இடங்களுக்கும் எதிரே, ‘நேரில் பார்த்தேன்’ என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இத்தனை நேரம் அவள் பக்கம் நின்ற கொழுந்தனுக்கு அவள் மேலேயே சந்தேகம் திரும்பிவிட்டது. ஒரே ஒரு தடவை வந்து இந்தப் படியில் நின்றிருந்தால் போதும். ஏட்டுச் சுரைக்காயை நம்பி நூற்றிருபது வீட்டுக்கு அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

அண்ணி ஒழுங்காக ரசீது எழுதிக் கொடுத்தாள். அளவுக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நோட்டுகளைக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் இஸ்திரி போன் செய்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். வழியில் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னாள் அண்ணி. அந்த ரோட்டில் சாயங்காலம் லாரி அதிகம், பார்த்து வாருங்கள் என்று அவர் அக்கறையாகச் சொன்னார்.

போனை வைத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ரோடு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கொழுந்தன் பின்கண்ணாடியில் மூன்று தடவை பார்த்தான். ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது. அல்லது அது வேறு கார். சந்தேகம் வந்துவிட்டால் எல்லாக் காரும் சாம்பல் நிறம்தான்.

ஆற்றோரக் குடியிருப்பில் கணக்குக்காரியின் வீட்டு வாசலில் இஸ்திரியின் கார் ஏற்கெனவே நின்றது.

உள்ளே அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அதை முதலில் கவனித்தவன் கொழுந்தன். கணக்குக்காரி சுவரோரம் நின்றிருந்தாள். அடுத்த அறையில் அவளுடைய அம்மா ரேடியோவில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி எந்த முகவுரையும் இல்லாமல் நோட்டுகளை மேஜைமேல் வைத்தாள். அந்தரத்தில் தொங்கும் பலகையையும் நாலு துளையையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

இஸ்திரி மறுக்கவில்லை. அதுதான் கொழுந்தனுக்கு இன்னும் பயமாக இருந்தது. வெள்ளத்தில் வரும் கட்டைகள் மோதிப் பலகை அடிக்கடி நசுங்கியது, அதனால் கொஞ்சம் தூக்கி மாட்டச் சொன்னேன், சான்று முன்கூட்டியே டைப் அடித்திருந்தது, மாற்றி அடிக்கச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான் என்றார். கேட்டால் யாருக்கும் மன்னிக்கத் தோன்றும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் படியில் தண்ணீர் ஏறியதும் விஷயம் புரிந்து, பழைய நோட்டுகளை ஒளிக்க ஆள் அனுப்பி, பழியை அவள் மேல் போட மொட்டைக் கடிதாசி எழுதிய கையும் அதே கைதான். அதை அண்ணி கேட்டபோது அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு கணக்குக்காரியிடம் நிதானமாகப் பேசினார்.

“கடிதாசிக்கு ஆதாரம் இல்லைன்னு நாளைக்கு நானே முடிச்சு வைக்கிறேன். உன் பேரு சுத்தமாயிடும். நம்பர் மட்டும் அப்படியே இருக்கட்டும், இன்னும் எட்டு மாசத்துல நான் ரிட்டயர் ஆயிடுவேன். நூறு வருஷ வெள்ளம் எட்டு மாசத்துலயா வரப் போகுது? இல்ல, என்னை இழுத்துத்தான் ஆகணும்னா, நேரில் பார்த்தேன்னு நீ போட்ட கையெழுத்தும் கூடவே வரும். நான் பென்ஷனோட போவேன். நீ எதோட போவ?”

கணக்குக்காரி பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினாள். மேஜையிலிருந்த பென்சிலால் ஒரு காகிதத்தின் பின்புறம் ஏதோ போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று கொழுந்தன் முடிவு கட்டிவிட்டான். அவன் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வான் என்று யோசிக்கப் பிடிக்காமல் நோட்டுகளை அடுக்குவதுபோல் பாவனை செய்தான்.

“அன்னைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்,” என்றாள் அவள், அண்ணியைப் பார்த்து. “ஆறு இடத்துக்குப் போனேன் மேடம். ஏழாவதுக்குப் போகல. நோட்டு அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, போய்தான் என்னத்தப் பாக்கப் போறோம்னு நினைச்சேன்.”

அண்ணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கணக்கு எவ்வளவு வருகிறது என்று மட்டும் கேட்டாள்.

கணக்குக்காரி காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இஸ்திரி எழுந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே ஒரு தையல்காரர் குடும்பம். கழுத்தில் அளவு நாடா தொங்க அவரே வந்து திறந்தார். உள்ளே குழந்தைகள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தன.

“அண்ணே, இந்த வீட்டுக்குள்ள வெள்ளம் வராதுன்னு கையெழுத்துப் போட்டவ நான்தான்,” என்றாள். “அது தப்பு. வரும். போய்ப் பாக்காத இடத்தப் பாத்தேன்னு எழுதிட்டேன். நாளைக்கு விசாரணையில சொல்லிடுவேன். உங்களுக்கு முதல்ல தெரியணும்.”

தையல்காரர் அவளையும், பின்னால் நின்ற அண்ணியையும், கொழுந்தனையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரப் போகிறது என்று கொழுந்தன் ஓரடி முன்னால் நகர்ந்தான்.

“எதுவரைக்கும் வரும்?” என்று மட்டும் அவர் கேட்டார்.

அவள் வாசல் சுவரில் கையை வைத்துக் காட்டினாள். அவளுடைய மார்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. கையை எடுக்கவில்லை. தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து, தரையிலிருந்து அவள் கை வரைக்கும் பிடித்துப் பார்த்தார். மூன்றே முக்கால் அடி என்றார். காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியால் அங்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதினார்.

அந்த ஆற்றங்கரையில் யாராவது ஓர் அளவை எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும் அவர் குழந்தைகளை மாடி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அவளோடு அடுத்த கதவைத் தட்டப் போனார்.